அட்டாலியில இருந்து ஆரம்பிங்க அம்மிணி

அம்மிணி, நீங்க கேட்டத ரண்டு தடவ படிச்சனுங்க. அவிநாசி பக்கம் புது வீடு, வைகாசில குடி போறீங்க, ஹாலுக்கும் மாடிப்படி ஏறுற எடத்துக்கும் பல ஊரு பல நாட்டு பழைய சாமான், கைவேலை சாமானா வெக்கோணும்னு ஆசை, கையில 60,000 ரூவா இருக்குது, எங்க வாங்கறது, ஏமாறாம எப்படி வாங்கறது, மாமியாரு வேற "செத்தவிய பண்டத்த எதுக்கு ஊட்டுக்குள்ள கொண்டாரே"ன்னு சத்தம் போடறாங்க. இதானுங்களே. நான் திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா 24 வருசம் இருந்தவன், துணி வாங்கற வெளிநாட்டு பையர பாக்க போற சாக்குல இஸ்தான்புல்லு, ஜாவான்னு போயி லக்கேஜ்ல சட்டையவிட சட்டி பானைதான் ஜாஸ்தி கொண்டாந்திருக்கறேன், அதுல ஏமாந்ததும் நெறைய, அதனால எனக்கு தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல, குடி போறதுக்குள்ள எல்லாத்தையும் வாங்கி அடுக்கீறோணும்ங்கற நெனப்ப விட்டுருங்க. தேதி வெச்சுக்கிட்டு பழைய சாமான் வாங்க போனா கடைக்காரரு நம்ம மொகத்துலயே அத படிச்சுருவாரு. மொத ஆறு மாசத்துக்கு 15,000க்கு மேல தொடாதீங்க. அந்த மொத ரூவாய எடுக்கறதுக்கு முன்னாலயும் ஒரு சோலி இருக்குது, உங்க அம்மா வீட்டு அட்டாலி, அதாங்க பரண், மாமியாரு வீட்டு அட்டாலி ரண்டையும் எறக்கி பாருங்க.

நம்ம பக்கம் ரண்டு தலைமுறைக்கு முன்னால கல்யாணமான பொம்பளைக வீட்டுல சருவம், அண்டா, தூக்குப்போசி, கூஜா, பன்னீர் செம்பு, வெத்தல பெட்டின்னு ஏதோ ஒண்ணு சீர்ல வந்தது சாக்குல கட்டி கெடக்கும். திருப்பூருக்கு பக்கத்துல அனுப்பர்பாளையத்துல அடிச்ச பாத்திரமாக்கூட இருக்கலாம். ஒரு பழைய செம்பு பானைய வெயில்ல கொண்டு வெச்சு சாய்ச்சு பாருங்க, பக்கவாட்டுல பல்லு பல்லா ஒரு கோடு ஓடும், கோவக்காரன் கிழிச்ச மாதிரி கோணக்கா மாணக்கான்னு, அது வெடிப்புன்னு நெனைச்சுறாதீங்க, தகட்ட சுருட்டி பல்லு வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து பத்த வெச்ச இணைப்பு அது. மிசின்ல அழுத்தி எடுத்த பானைல அந்த கோடு இருக்காது. அதே மாதிரி அடிய தடவி பாத்தா தட்டற கொட்டாப்புளியோட தழும்பு வட்டம் வட்டமா வரிசை கட்டி இருக்கும், கண்ணவிட வெரலுக்குத்தான் அது நல்லா தெரியும்.

எங்க அம்முச்சி, அம்மாவோட அம்மா, ஊடு காங்கயத்துக்கு பக்கமுங்க. 80கள்ல எவர்சில்வர் பாத்திரக்காரரு மொபட்டுல கட்டிக்கிட்டு வருவாரு, பித்தளைய எடைக்கு போட்டுட்டு பளபளன்னு ஒரு அடுக்கு வாங்கிக்கலாம், ஊரே போட்டுச்சு, எங்க அம்முச்சியும் போட்டுச்சு, ஒரு பெரிய சருவம் ரண்டு குத்துவெளக்கு எல்லாம் போயி அதுக்கு பதிலா ஆறு எவர்சில்வர் வட்டலு வந்துச்சு. தப்பிச்சது ஒரு இரும்பு படி மட்டும்தான், அது எதனால தப்பிச்சுதுன்னா மாட்டு கட்டுத்தறில பருத்திக்கொட்ட அளக்க கெடந்துச்சு, யாருக்கும் ஞாபகமே வரல.

அந்த படி இப்ப என்ற ஹால்ல இருக்குது. பழசு பாக்க யாராவது கேட்டா மொதல்ல அதத்தான் கையில குடுப்பேன். வாய் விளிம்ப பாத்தா ஒரு பக்கம் தடிப்பா இருக்குது, எதிர் பக்கம் பிளேடு மாதிரி மெலிஞ்சு கெடக்குது. அளக்கறப்ப குமிச்சு அள்ளி உள்ளங்கையால தலை தட்டுவாங்கல்லங்க, அம்முச்சி சோத்தாங்கைக்காரி, ஒரே பக்கமா தள்ளி தள்ளி அறுவது வருசத்துல இரும்பே தேஞ்சுருக்குது. அடில மட்டும் நெளிசல், திண்ணைல ரண்டு தட்டு தட்டி பொதிய வெச்ச நெளிசல். நடு ஒடம்புல ஒரு கீறலும் இல்ல. இது உபயோகத்துல வந்த தேய்மானம். ஒரு சாமான் எதுக்கு பொறந்துச்சோ அந்த வேலை செய்யறப்ப கை எங்க படும், தரை எங்க படும், துணி எங்க ஒரசும்னு மனசுக்குள்ள ஒருக்கா அந்த வேலைய செஞ்சு பாத்துட்டு அந்த எடத்துல தேய்மானம் இருக்குதான்னு பாக்கறதுதான் நான் 24 வருசத்துல கத்துக்கிட்ட ஒரே வித்தைங்க, ஆப்பிரிக்கா முகமூடியானாலும் சரி செட்டிநாட்டு கதவானாலும் சரி. முகமூடின்னா உள் பக்கம் நெத்தி, மூக்கு படற எடம் வேர்வைல கருத்து வழுவழுன்னு இருக்கோணும், வெளியில மட்டும் பழசா இருந்து உள்ள புதுசா உளி தழும்போட இருந்தா அது செவுத்துல மாட்டறதுக்குன்னே செஞ்சது. அதுவும் வாங்கலாம், தப்பில்லீங்க, ஆனா அலங்கார சாமான் வெலைக்கு வாங்கோணும்.

இத நான் கத்துக்கிட்ட கத சொல்றேன். 2003ல ஒரு கண்காட்சில கிராமபோன் ஒண்ணு பாத்தனுங்க, பித்தளை கொழல் தாமரப்பூ மாதிரி விரிஞ்சு, பெட்டில நாய் உக்காந்திருக்கற படம், "எழுவது வருசம் பழசு சார், ஜமீன் ஊட்டுல இருந்து வந்தது"ன்னாரு, 18,000 எண்ணி குடுத்துட்டு கார்ல மடில வெச்சுக்கிட்டு வந்தேன். வீட்டுல வந்து ரண்டாவது பாட்டு ஓடறப்ப இழுவையா இழுத்துச்சு, எங்க தெருவுல மோட்டார் வைண்டிங் பண்ற அண்ணன கூட்டியாந்தேன், அவரு பெட்டிய தலைகீழா கவுத்துட்டு சிரிச்சாரு. "ஏப்பா, இதென்ன ஸ்டார் ஸ்க்ரூ?" அமெரிக்காவுல பிலிப்ஸ்ங்கறவரு 1936ல காப்புரிமை வாங்குன பொறகுதான் அந்த ஸ்டார் தலை ஆணியே பரவுச்சு, அதுக்கு முன்னால செஞ்ச பெட்டின்னா நேர் கோடு வெட்டுன ஸ்க்ரூதான் இருக்கோணும். அதுக்கப்பறம் பாத்தா ஒண்ணொண்ணா தெரியுது, சாவி சுத்தற ஓட்டைய சுத்தி ஒரு கீறல் இல்ல, எழுவது வருசமா ஒருத்தன் ராத்திரில சாவிய தடவி தடவி சொருகியிருந்தா அந்த ஓட்டைய சுத்தி எப்படி தேஞ்சுருக்கோணும். பழைய மோட்டார் எதையோ எடுத்து புது பெட்டி புது கொழல் போட்டு பழைய படம் ஒட்டுன ஒட்டு சாமான், இந்த மாதிரி கிராமபோன் நம்ம நாட்டுல செஞ்சு வெளிநாட்டுக்கே போகுது. வித்தவரு இன்னொண்ணும் சொன்னாரு, ஒரே ஊசி போதும் ஆயுசுக்குன்னு, அதுவும் பொய்யிங்க, இரும்பு ஊசி ஒரு பக்கம் ஓடுனா மாத்தீறோணும், இல்லீன்னா தட்டு போயிரும். இப்பவும் அது என்ற ரூம்ல இருக்குது, மேல ஹெல்மெட் வெக்கறதுக்கு தோதா இருக்குது.

சரி, வெளிநாட்டு சாமான். உங்களுக்கு ஆசை அதுமேலதான்னு எழுதியிருந்தீங்க. எனக்கு ரொம்ப புடிச்சது ஜாவால வாங்குன பாத்திக் அச்சுங்க. மெழுகு தொட்டு துணில குத்தி சாயத்துல போடறாங்கல்ல, அதுக்கு செம்பு தகட்ட நாடா மாதிரி வெட்டி வளச்சு பத்த வெச்சு அச்சு செய்வாங்க, நம்ம ஊர்ல சாப்பான்னு ஒரு வார்த்தை இருக்குதல்லங்க, அங்கயும் அதுக்கு பேரு சாப்தான். யோக்யகர்த்தால ஒரு பட்டறைல ஓரமா போட்டு வெச்சிருந்தாங்க, பூவுல ஒரு இதழு நெளிஞ்சு போச்சுன்னு ஒதுக்குனது. கைப்பிடி கருகருன்னு இருக்குது, தகடு மூலைல இன்னும் பழுப்பு மெழுகு ஒட்டிக்கிட்டு இருக்குது, வெயில் நாள்ல மோந்து பாத்தா வாசம் வரும். செவுத்துல ஒரு ஆணில தொங்குது, வர்றவங்க எல்லாம் இது என்னன்னு கேக்காம போனதில்ல. தொழில் கருவி இப்படித்தானுங்க, அலங்கார சாமான்காரரு கண்ணுல படாது, வெலையும் கம்மி, போலி பண்றதுக்கும் யாரும் மெனக்கெட மாட்டாங்க. அப்படியே பாத்திக் துணி வாங்குனா ரண்டு பக்கமும் திருப்பி பாருங்க, ரண்டு பக்கமும் கலர் ஒரே அழுத்தமா இருக்கோணும், ஒரு பக்கம் வெளுத்து கெடந்தா பிரிண்டு. திருப்பூர்க்காரங்களுக்கு நான் இத சொல்லி குடுக்க வேண்டீதில்ல.

துருக்கி கிலிம் விரிப்பு, பாரசீக கம்பளம் பத்தி கேட்டிருந்தீங்க. கம்பளத்த எப்பவும் கவுத்து போட்டு பாருங்க, கை முடிச்சுன்னா டிசைன் பின்னாலயும் அப்படியே தெளிவா தெரியும், முடிச்சு ஒண்ணுக்கொண்ணு துளி முன்ன பின்ன இருக்கும், ஓரத்துல தொங்கற குஞ்சம் பாவு நூலோட, அதாவது நீளவாக்குல ஓடற நூலோட, நுனியாவே இருக்கோணும், தனியா தைச்சு ஒட்டியிருந்தா மிசின்ல நெய்தது. கிலிம்ல முடிச்சு கெடையாது, நம்ம ஜமுக்காளம் மாதிரி குறுக்க ஓடற ஊடை நூலே மேல தெரியற நெசவு, ஆனா கலர் மாறுற எடத்துல நேர் கோடா சின்ன சின்ன பொளவு இருக்கும், வெளிச்சத்துல தூக்கி புடிச்சா கண்ணு வெச்ச மாதிரி தெரியும், ஏன்னா ஒரு கலர் நூலு அங்கயே திரும்பி போயிருது. பவானி ஜமுக்காளத்துல கலரு பட்டை பட்டையா இந்த கோடில இருந்து அந்த கோடிக்கு ஓடறதால அந்த பொளவு வராது. இது தெரிஞ்ச பொறகு எனக்கு என்ன தோணுச்சுன்னா, 40,000 ரூவா குடுத்து கிலிம் வாங்கறதுக்கு பதிலா பவானில குழித்தறில நெய்யறவங்ககிட்ட நேரா போயி கலர் சொல்லி ஒண்ணு நெய்ய சொல்லி வாங்கி, கிலிம் சின்னதா ஒரு தலகாணி உறை மட்டும் வாங்கி பக்கத்துல போட்டா ரண்டும் பேசிக்கும். ஜமுக்காளத்த கைத்தறிக்குன்னு 1985 சட்டத்துலயே ஒதுக்கி வெச்சிருக்குது, இருந்தும் விசைத்தறி சரக்கு பவானி பேர்லயே ஓடுது, அதனால ரோட்டோர கடைல வாங்காதீங்க.

பர்மா அரக்கு டப்பா பத்தி ஒரு வார்த்தை. காரைக்குடில முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைக வரிசையா இருக்குது, அங்க செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த பர்மா டப்பா, மங்கு சாமான், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கெடைக்கும். நாம அரக்குன்னு சொல்றமே தவிர பர்மால பூசறது மரத்துப் பாலுங்க, மூங்கில சிம்பு சிம்பா பொளந்து சுத்தி கூடை மாதிரி கட்டி அதுமேல பூசி காய வெச்சு மறுபடி பூசின்னு மாசக்கணக்குல வேலை. கையில எடுத்தா தக்கை மாதிரி இருக்கோணும், கனமா இருந்தா உள்ள மரமோ பிளாஸ்டிக்கோ. எங்கயாவது பூச்சு உதிர்ந்த எடம் இருந்தா அதுக்குள்ள மூங்கி வரி தெரியும், அந்த ஓட்டை சாமானத்தான் நான் தேடி வாங்குவேன், வெலையும் கொறையும் உள்ள என்ன இருக்குதுன்னும் தெரியும். நெஜ அரக்கு வேலை பாக்கோணும்னா கர்நாடகாவுல இருக்கற சென்னபட்டணா பொம்மைய பாருங்க, வெட்பாலை மரத்த கடைசல்ல சுத்த விட்டு அரக்கு குச்சிய வெச்சு அழுத்துவாங்க, சூட்டுல உருகி ஒட்டிக்கும், கடைசில தாழை ஓலைய வெச்சு மெருகு ஏத்துவாங்க. நம்ம பேரன் பேத்திக்கும் ஆச்சு, ஷெல்புக்கும் ஆச்சு.

கேரளாவோட ஆறன்முளா கண்ணாடி வாங்குனா பென்சில் நுனிய வெச்சு பாருங்க. சாதா கண்ணாடில பென்சிலுக்கும் பிம்பத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும், ஏன்னா ரசம் பின்னால இருக்குது, ஆறன்முளால உலோகமே மெருகு ஏறி கண்ணாடி ஆனதால நுனியும் நுனியும் தொட்டுக்கும். பிதரி சாமான்னா கருப்பு உலோகத்துல வெள்ளிக் கம்பி பதிச்சது, துத்தநாகம் செம்பு கலந்து வார்த்து பீதர் கோட்டை மண்ணு போட்டு கருப்பாக்குவாங்க, அத தயவுசெஞ்சு பித்தளை தேய்க்கற பவுடர் போட்டு தேய்ச்சுறாதீங்க, என்ற கொழுந்தியா அப்படி பண்ணி கருப்பு வெளுத்து அடையாளமே தெரியாம போயிருச்சு, தேங்கா எண்ணெய துளி துணில தொட்டு தொடைச்சா போதும். தோடர் எம்பிராய்டரிக்கு ஊட்டி எட்டற தூரம்தான, வெள்ளை துணில செவப்பு கருப்பு நூலு, துணி இழைய எண்ணி எண்ணி போடறது, 2013ல புவிசார் குறியீடு கெடைச்சுது. ஒரு துண்ட பிரேம் போட்டு மாட்டுனா ஒரு சுவரே நெறஞ்சுரும்.

நாணயம் வாங்கவே வேண்டாங்க. கோயமுத்தூருக்கு பக்கத்துல வெள்ளலூர்ல 1842லயும் 1891லயும் பானை பானையா ரோமானிய வெள்ளிக்காசு கெடைச்ச ஊரு நம்ம ஊரு, அகஸ்டஸ், டைபீரியஸ் தலை போட்டது, மெளகுக்கும் கல்லு மணிக்கும் ரோம்ல இருந்து வந்தது, பல நாட்டு சாமான் சேக்கறது நமக்கு புதுசில்லீங்க. ஆனா அந்த கதைய சொல்லியே போலி காசு விக்கறாங்க. அதே மாதிரி கிழக்கிந்திய கம்பெனி 1818ன்னு போட்டு ராமர், அனுமார் படம் இருக்கற காசு, லட்ச லட்சமா போகும்னு போன்ல வீடியோ வருமே, கம்பெனி அப்படி காசே அடிக்கல, அது பின்னால வந்த பூஜை டோக்கன். அரிசிய இழுக்கற கலசம், இரிடியம்னு எவனாவது வந்தா ஒரு காபி கூட குடுக்காம அனுப்பீருங்க, படிச்சவங்களே அதுல வீடு வாசல் தொலைச்சிருக்காங்க. அஸ்திவாரம் தோண்டறப்ப ஏதாவது பானை கீனை கெடைச்சா அத நாமளே கமுக்கமா வெச்சுக்க முடியாது, 1878 புதையல் சட்டப்படி 10 ரூவாய்க்கு மேல மதிப்பிருந்தா கலெக்டர்கிட்ட சொல்லியாகோணும்.

இங்க உங்க மாமியாரு சொல்றதுல பாதி நான் ஒத்துக்கறேன். பழைய சாமி செலை, கோயில் கல்லு, தேர் பொம்மை எதையும் வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க. எந்த கோயில்ல இருந்து வந்துச்சோ யாருக்கு தெரியும், அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜரே ஆஸ்திரேலியா மியூசியத்துக்கு போயி 2014லதான திரும்பி வந்தாரு. சட்டமும் இருக்குது, 1972ல போட்டது, 100 வருசத்துக்கு மேல பழைய கல்லு, மண்ணு, உலோக செலை, பழைய ஓவியம் வெச்சிருந்தா தொல்லியல் துறைல பதிவு பண்ணோணும், வெளிநாட்டுக்கு கொண்டு போகவே முடியாது. சாமிதான் வேணும்னா சுவாமிமலைல புதுசா மெழுகு அச்சுல வார்த்தத பில்லோட வாங்குங்க. யானை தந்தம் எவ்வளவு சின்னதா இருந்தாலும், தாத்தா சீட்டுக்கட்டு பெட்டியா இருந்தாலும் வாங்காதீங்க. வெளிநாட்டுலயும் இதே கததான், துருக்கில பழைய கல்லு காசு ஏதாவது பையில இருந்தா ஏர்போர்ட்லயே உள்ள வெச்சுருவாங்க.

மர சாமான்க்கு ஒரு எச்சரிக்கை இருக்குது, இத கடைல யாரும் சொல்ல மாட்டாங்க. மட்டாஞ்சேரில யூதத் தெருவுல கண்ண பறிக்கற பெட்டி, தூணு எல்லாம் இருக்கும், கொச்சி ஈரக் காத்துல ஊறி கெடந்த மரம், அத அவிநாசி வெயிலுக்கு கொண்டாந்து மேக்கு செவுத்தோரமோ ஏசிக்கு நேராவோ வெச்சீங்கன்னா ரண்டு மாசத்துல டப்புன்னு ராத்திரில வெடிக்கும், எனக்கு ஒரு பெட்டி மூடி அப்படி போச்சு. மழை காலத்துல கொண்டாந்து, வெயில் படாத உள் ரூம்ல துணி போத்தி வெச்சு, அப்பறம் மெதுவா ஹாலுக்கு கொண்டாங்க. வாங்கறப்ப பூச்சி ஓட்டை இருந்தா ஒரு குண்டூசிய விட்டு பாருங்க, பூச்சி போன வழி வளைஞ்சு வளைஞ்சு போகும், ஊசி முட்டி நின்னுரும், நேரா சர்ருன்னு எறங்குனா பழசு மாதிரி காட்டறதுக்கு டிரில் போட்டது. அடில மாவு மாதிரி கொட்டிக்கிட்டு இருந்தா பூச்சி இன்னும் உசுரோட இருக்குது, வீட்டுக்குள்ள ஏத்தாதீங்க. தேக்கா, ஈட்டியா, கருவேலமான்னு அடையாளம் தெரியலைன்னா கோயமுத்தூர்ல காஸ் வன அருங்காட்சியகம் இருக்குது, 1902ல ஆரம்பிச்சது, மர துண்டுகள மாதிரிக்கு வெச்சிருக்காங்க, ஒரு நாள் போயி பாத்துட்டு வந்தா கடைல வாய் தொறந்து பேசலாம்.

வெக்கறது பத்தி எனக்கு பெரிய ஞானமெல்லாம் இல்லீங்க. ஒரு சுவத்துக்கு ஒரு சாமான், மிச்சத்த பெட்டில வெச்சு நோம்பிக்கு நோம்பி மாத்துங்க. பித்தளைய புளி போட்டு வாரா வாரம் தேச்சா செவந்து போயி ஓரம் மழுங்கிரும், வருசத்துக்கு ரண்டு தடவ போதும். அட்டாலில எடுத்த பாத்திரத்துல சமைக்கறதா இருந்தா ஈயம் பூசிக்கோங்க, அதுவும் வெள்ளீயந்தானான்னு பூசறவர்கிட்ட கேட்டுட்டு. வெளிநாட்டு பீங்கான்ல சோறு போட்டு திங்காதீங்க, பாக்கறதுக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

கடைசியா மாமியாரு. அவங்கள எதுத்துக்கிட்டு செய்யாதீங்க, அட்டாலிய எறக்கறப்ப ஒரு நாற்காலிய போட்டு அவங்கள உக்கார வெச்சுட்டு ஒண்ணொண்ணா மூட்டைய அவுருங்க. எந்த கூஜா யாரு சீர்ல வந்துச்சு, எந்த வெளக்கு எந்த நோம்பிக்கு ஏத்துனது, எது கடனுக்கு அடகு போயி திரும்பி வந்துச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், அவங்க சொல்லச் சொல்ல ஒரு துண்டு சீட்டுல பேரு, ஊரு, வருசம் எழுதி அந்தந்த பாத்திரத்துக்குள்ள போட்டுருங்க. எங்க அம்முச்சி போனதுக்கப்பறம்தான் எனக்கு அந்த படிக்கு பக்கத்துல ஒரு அரைப்படியும் இருந்துச்சுன்னே தெரியும், அது எங்க போச்சுன்னு கேக்க ஆளில்ல. சருவம் ஏதாவது கெடைச்சா அடிய படம் புடிச்சு அனுப்புங்க, பாத்து சொல்றேன்.